96 ஆடுகளும் ஒரு வண்டிச் சாவியும்

இரண்டு நாளில் ஒன்பது கிரகங்களையும் முடித்துவிட்டு மூன்றாம் நாள் மத்தியானம் தஞ்சாவூருக்குள் நுழைந்தோம். ‘முடித்துவிட்டு’ என்பது என் சொல் இல்லை, என் மாமனாரின் சொல். கஞ்சனூரில் சுக்கிரனை முடிச்சாச்சு, திருநள்ளாற்றில் சனியை முடிச்சாச்சு, பெரிய கோயிலையும் முடிச்சுட்டா ராத்திரி திருச்சியில் தங்கிடலாம் என்று கூலிப்படைத் தலைவர் மாதிரி முன்சீட்டிலிருந்து கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அரையாண்டுப் பரீட்சை லீவு. டெம்போ டிராவலரில் 14 பேர், ஒரு தூக்குவாளிப் புளியோதரை, இரண்டு டப்பா தயிர்சாதம், வழிநெடுக வாந்தியெடுத்த ஒரு சின்னப் பெண். மாமனாரை நேரில் திட்ட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வாசலிலேயே அரை மணி நேரம் போயிற்று. சாமி கும்பிட இல்லை, படம் எடுக்க. மார்கழி என்பதால் கூட்டம் முழுக்கக் கறுப்பு வேட்டி. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வாசலுக்குக் கீழே வரிசையாக நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சேர மன்னனை வென்ற திமிரில் ராஜராஜன் அந்த வாசலுக்கு வைத்த பேர் கேரளாந்தகன் திருவாசல், அதாவது கேரளனுக்கு எமன். எமன் தலைக்குமேல் நிற்க, மறுநாள் கேரளத்துக்குப் போகிற பக்தர்கள் கீழே நின்று சிரித்தார்கள். அந்தப் பேரை யாரும் படிக்கவில்லை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. படிக்காமல் இருப்பதில் இப்படியும் ஒரு சமாதானம் உண்டு.

இரண்டாவது வாசல் ராஜராஜன் திருவாசல். அதையும் தாண்டியதும் என் மச்சினன் மகள் கேட்டாள்: “த்ரிஷா எங்க?” ராஜராஜனின் அக்கா குந்தவையாக த்ரிஷா நடித்து 2022இல் வந்த படத்தைப் பார்த்த பிள்ளை. நியாயமான கேள்விதான். குந்தவை இந்தக் கோயிலுக்குக் கொடுத்த தங்கமும் திருமேனிகளும் கல்லில் வெட்டியிருக்கின்றன, அவள் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதும் கல்லிலேயே இருக்கிறது, வா காட்டுகிறேன் என்றேன். “வீடியோவா?” என்றாள். கல்வெட்டு என்றேன். போய்விட்டாள். பத்து வயசுப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் நடந்து போன அறுபது, எழுபது வயசுப் பிள்ளைகளைத்தான் சொல்லப் போகிறேன்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. மார்கழியிலும் கல்தளம் காலைச் சுட்டது. குடும்பமே கட்டெறும்பு மிதித்த மாதிரி துள்ளித் துள்ளி வடபக்கமாக ஓடியது. விமானத்துக்கு வடகிழக்கே குளுகுளுவென்று ஓர் இடம். “இங்க உட்காருங்க, நல்ல நிழலா இருக்கு” என்று மாமாதான் இடம் பிடித்தார். எல்லோரும் உட்கார்ந்தோம். தூக்குவாளி திறந்தது. முதல் கவளத்தை முழுங்கிவிட்டு மாமா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

“மாப்ள, ஒரு அதிசயம் தெரியுமா உங்களுக்கு? இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது. வெளிநாட்டு விஞ்ஞானியெல்லாம் வந்து பார்த்துட்டு மண்டையைப் பிச்சுக்கிட்டுப் போயிட்டான்.”

நான் தரையைப் பார்த்தேன். நாங்கள் 14 பேரும், எங்கள் செருப்புப் பையும், புளியோதரையும், பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்த இன்னும் நான்கைந்து குடும்பங்களும் விமானத்தின் நிழலுக்குள்தான் இருந்தோம். 216 அடி உயரக் கருங்கல் நாலு மணி வெயிலில் கிழக்கே சாய்ந்து, ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு நிழல் விரித்திருந்தது. அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டு, அந்த நிழல் தந்த குளிர்ச்சியில் சாப்பிட்டுக்கொண்டு, அந்த நிழல் இல்லவே இல்லை என்கிறார் ஒரு மனிதர். சுற்றியிருந்த 12 பேர் தலையாட்டுகிறார்கள். பக்கத்துக் குடும்பத்துப் பெரியவர் “ஆமாமா, நானும் படிச்சேன்” என்று சாட்சி சொல்கிறார். எங்கே படித்தார்? செல்போனில். தலைக்கு நேரே வெயிலை மறைத்துக்கொண்டு நிற்பதை நம்பவில்லை, உள்ளங்கையில் வந்து விழுந்ததை நம்புகிறார்.

“மாமா, நாம உட்கார்ந்திருக்கிறது எதோட நிழல்?” என்று மெல்லக் கேட்டேன்.

மாமா ஒரு விநாடி யோசித்தார். “இது மேல்பக்க நிழல் மாப்ள. உச்சிக் கலசத்தோட நிழல்தான் விழாது.”

அதற்குமேல் பேசினால் ராத்திரி வீட்டில் என் நிழல் விழாது. பேசாமல் வடகத்தைக் கடித்தேன். பிறகு வழக்கமான பட்டியல் வந்தது. உச்சியில் இருப்பது ஒரே கல், 80 டன். சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி யானையை விட்டு ஏற்றினான். நந்தி வளர்ந்துகொண்டே போனது, முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள். உச்சிப் பகுதி பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதி எழுதிக் கை ஓய்ந்தார்கள். நந்தியோ நாயக்கர் காலத்தது, ராஜராஜன் அதைக் கண்ணாலும் பார்த்ததில்லை. இருந்தால் என்ன? அத்தனை உயரத்தில் கல்லோடு கல்லைப் பொருத்தி, கீழிருந்து பார்ப்பவனுக்கு ஒரே கல் என்று தோன்றும்படி செய்த தச்சனின் கை நமக்குப் போதவில்லை. அவன் ஒரு மாயக்காரனாக இருந்தால்தான் மரியாதை. உழைப்பு என்றால் நமக்குக் கூச்சம், மந்திரம் என்றால் புல்லரிப்பு.

அந்தத் தச்சனுக்குப் பேர் இருக்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோயிலின் சுவரில்தான் அந்தப் பேர் வெட்டப்பட்டிருக்கிறது. உலகத்தில் எத்தனையோ மாளிகைகளைக் கட்டியவனின் பேர் தெரியாது, இங்கே தெரியும். தெரிந்தும் நமக்குத் தேவைப்படவில்லை.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் கோபம் அங்கேதான் இருக்கிறது. ராஜராஜன் உத்தரவு எளிமையானது: நான் கொடுத்ததும், என் அக்கா கொடுத்ததும், என் மனைவிமார் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் எல்லாவற்றையும் கல்லில் வெட்டு. வெட்டினார்கள். எத்தனை கழஞ்சு பொன், எத்தனை முத்து, அந்த முத்தில் எத்தனை குறையுள்ளது என்பது வரைக்கும் வெட்டினார்கள். கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டிக்குக் கொடுத்ததையும் வெட்டினார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் சண்டேசுவரர் பேரில். அன்றைக்கு ராஜ்யத்திலேயே மிகப் பெரிய பேரேட்டை வைத்திருந்த அந்தக் கணக்குப்பிள்ளைச் சாமி முன்னால் நின்று, காது கேட்காது என்று நினைத்து என் அத்தை சொடக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லில் பேர் வர அன்றைக்கு ஒரு விலை இருந்தது. அணையா விளக்கு ஒன்று எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு கொடுக்க வேண்டும். ஆடு இல்லையா, 48 பசு. பசு இல்லையா, 16 எருமை. கொடுத்தால் சாவா மூவாப் பேராடு என்று கணக்கெழுதி, எந்த இடையர் பொறுப்பில் எத்தனை ஆடு என்று குறித்து, கொடுத்தவன் பேரையும் வெட்டுவார்கள். ஒரு வரிக்கு 96 ஆடு. இது 1010ஆம் வருஷத்து விலைவாசி.

கொடுத்தவர்கள் மட்டுமா? வேலை பார்த்தவர்களின் பட்டியலும் உண்டு. நட்டுவம் செய்தவர், உடுக்கை வாசித்தவர், திருப்பதியம் பாடிய 48 பேர், குடை பிடித்தவர், விளக்கேற்றியவர், நீர் தெளித்தவர், குயவர், துணி வெளுத்தவர், முடி திருத்தியவர், தையற்காரர், தச்சர், கன்னார், கணக்கர். யாருக்கு எத்தனை பங்கு சம்பளம் என்று தனித்தனியே. எல்லாவற்றுக்கும் மேலாக 400 பெண்கள். தளிச்சேரிப் பெண்டுகள். ஆடவும் பாடவும் சோழ நாட்டு ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். ஒவ்வொருத்திக்கும் பேர், வந்த ஊர், வந்த கோயில், குடிவைத்த தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு. வருஷத்துக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். ஆள் செத்துப்போனால் அடுத்த உறவுக்கு அந்த வேலை. வேலைக்கு உறவு தகுதியில்லை என்றால் தகுந்த ஆளைத் தேடி வை. வாரிசு வேலைக்கு நடையாய் நடக்கிற இன்றைய குடும்பங்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டிரைவர். இன்னொன்று புளியோதரைக்கு வந்த நாய்.

அப்போதுதான் மச்சினன் மகனைக் காணோம் என்று தேடினார்கள். பையனுக்கு 15 வயது. லிங்கங்கள் வரிசையாக இருக்கிற திருச்சுற்று மாளிகையில், பழைய ஓவியம் உதிர்ந்தது போக எஞ்சிய சுண்ணப் பூச்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் அவன் அப்பாவின் வண்டிச் சாவி. பேரை எழுதி முடித்து, வகுப்பும் எழுதி, ‘ஆ பிரிவு’ என்பதில் கடைசி எழுத்துக்கு வந்திருந்தான். பேர், வகுப்பு, பிரிவு. மதிலில் அந்தப் பெண்களுக்குப் பேர், தெரு, வீடு என்று வெட்டிய அதே ஒழுங்கு. என்ன, இவன் ஒரு முயல்குட்டி கூடக் கொடுக்கவில்லை.

கையைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் பலமாகவே இழுத்திருப்பேன். உடனே குடும்பமே கூடிவிட்டது, சுவருக்காக இல்லை, கைக்காக.

“சின்னப் பிள்ளைதானே மாப்ள” என்றார் மாமா.

“எத்தனை பேர் எழுதியிருக்கான் பாருங்க. இவன் ஒருத்தன் எழுதினதுதான் கண்ணுல பட்டுதா?” இது அத்தை.

பிறகு மாமா தமது தீர்ப்பைச் சொன்னார்: “ஆயிரம் வருஷம் நின்ன கோயில். நம்ம பய கீறித்தானா விழுந்துடப்போகுது?”

இந்த வாக்கியத்தை நான் வாழ்நாளெல்லாம் கேட்டு வருகிறேன். ஆற்றில் குப்பை கொட்டும்போது கேட்டிருக்கிறேன்: காவிரி எத்தனையோ பார்த்துட்டா. ஏரியில் வீடு கட்டும்போது கேட்டிருக்கிறேன். ஆயிரம் வருஷம் நின்றது என்பது காப்பாற்றுவதற்கான காரணமாக உலகத்துக்குப் படும். நமக்கு மட்டும் அது இன்னும் கொஞ்சம் உதைக்கலாம் என்பதற்கான அனுமதி. கிழவி நல்ல திடமாக இருக்கிறாள், இன்னும் இரண்டு குடம் தூக்குவாள் என்கிற மருமகள் நியாயம்.

இதற்குச் சட்டம் இருக்கிறது என்றேன். 1958இல் போட்ட சட்டம், 2010இல் திருத்தியது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு வருஷம் ஜெயில், இல்லாவிட்டால் ஒரு லட்சம் அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். மாமா அக்கம்பக்கம் பார்த்தார். “யாரும் பார்க்கலை, வாங்க” என்றார். முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். சட்டம் என்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே பொருள் அதுதான்.

என் மச்சினன் இதுவரை வாயே திறக்கவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். அவன் கண் சுவரைத் துழாவிக்கொண்டிருந்தது. “அத்தான், பன்னண்டாவது படிக்கிறப்ப டூர் வந்தோம்ல, நாங்கூட இங்கதான் எங்கயோ எழுதினேன்.” செல்போன் விளக்கைப் போட்டுத் தேட ஆரம்பித்தான். நம்பமாட்டீர்கள், குடும்பமே தேடியது. குந்தவை பேரைப் பார்க்க வராத பிள்ளை தேடியது. கால் வலிக்கிறது என்று பிராகாரம் சுற்றாத மாமியார் தேடினார். இருபது நிமிஷம். கடைசியில் ஒரு லிங்கத்துக்குப் பின்னால், எண்ணெய்க் கறைக்கு மேலே, அகப்பட்டது. அம்பு துளைத்த இதயம் ஒன்றும் பக்கத்தில் இருந்தது, அதை மட்டும் தான் போடவில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்தான். அப்பனையும் மகனையும் அந்தக் கீறலுக்கு இரண்டு பக்கமும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மாமா கண்ணில் ஈரம்.

1803இல் இரண்டாம் சரபோஜி தன் போன்சலே குலத்தின் வரலாற்றை இதே கோயிலில் மராத்தியில் வெட்டிவைத்தார். மிக நீளமான கல்வெட்டு. ராஜா, செலவழித்தார், ஆள் வைத்து வெட்டினார். எங்கள் குலவரலாறு இரண்டு தலைமுறை, இரண்டு வரி, ஒரு வண்டிச் சாவி. அந்தச் சுவர் திருச்சுற்று மாளிகையின் சுவர், ராஜராஜன் சொல்லி அவன் சேனாபதி கிருஷ்ணன் ராமன் எடுப்பித்தது. பெரிய சேனாபதி, பெரிய மாளிகை. எங்கள் வீட்டுப் பையனுக்கு ரஃப் நோட்டு.

வெளியே வந்து டீ குடிக்கும்போது மாமா எழுச்சியுற்றார். “என்ன இருந்தாலும் ஆண்ட பரம்பரை மாப்ள நாம. ராஜராஜன் நம்மாளு.”

நம்மாளா? ஐப்பசி சதயத்துக்குத் தஞ்சாவூர் வந்து பாருங்கள். ஒன்றின் வீட்டில் ஒன்று தண்ணீர் குடிக்காத சாதிகள் எல்லாம் ஒரே ராஜாவைத் தத்தம் தாத்தாவாக்கிச் சுவரொட்டி அடித்திருக்கும். இவ்வளவு பேரன்கள் இருந்தும் தாத்தா செய்ததை 19ஆம் நூற்றாண்டில் பேரன்மார் சுத்தமாக மறந்திருந்தார்கள். இந்தக் கோயிலைக் கட்டியது கரிகாலன் என்றது தலபுராணம். ராஜராஜன்தான் கட்டினான் என்று கல்வெட்டைப் படித்துச் சொல்ல ஹுல்ஷ் என்று ஒரு ஜெர்மானியர் வரவேண்டியிருந்தது. கருவறையைச் சுற்றி, நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழ ஓவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும் வரை அவை இருப்பதே யாருக்கும் தெரியாது. ராஜராஜனுக்கும் அவன் ராணி லோகமாதேவிக்கும் ஆதித்தன் சூரியன் என்கிற கோயில் அதிகாரி செப்புத் திருமேனி செய்து வைத்ததாகக் கல்லில் இருக்கிறது. ராஜராஜன், லோகமாதேவி என்று அடையாளம் சொல்லப்பட்ட திருமேனிகள் 2018இல் குஜராத்திலுள்ள ஓர் அருங்காட்சியகத்திலிருந்து தஞ்சைக்குத் திரும்பி வந்தன. அவை ஊரில் இல்லாத காலத்திலும் சதய விழா நடந்தது. மாலை, மரியாதை, பட்டிமன்றம், ஆண்ட பரம்பரை. தாத்தா வீட்டில் இல்லை என்பது பேரன்களுக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் அந்தக் கல்லில் இருக்கிறது. கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களின் பட்டியலில், எந்த இடத்துக்கெல்லாம் வரி இல்லை என்று கழித்துக்கொண்டே வருவார்கள்: ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. ஆமாம், தீண்டாச்சேரி. பொற்காலத்தின் கையெழுத்தில், தெளிவாக, எழுத்துப்பிழை இல்லாமல். பொற்காலம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் யாரும் இந்த வரியைப் படித்ததாகத் தெரியவில்லை. படித்தவர்கள் அந்த வரி வரும்போது இருமிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

ராஜா ஒருத்தன். அவன் வீட்டில் அதிகம் போனால் நூறு பேர். அந்தச் சுவரில் சம்பளம் வாங்கியவர்கள் அறுநூறுக்கு மேல். நெல் அளந்தவர்கள், கல் சுமந்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று எண்ண முடியாது. இத்தனை கோடித் தமிழர்களும் அந்த ஒருத்தன் வயிற்றில் மட்டும் பிறந்தார்கள் என்றால் மற்றவர்கள் எல்லாம் மலடா? ராஜராஜன் எங்காளு என்று சொல்ல ஊருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பெருநாவிதன் எங்காளு, துணி வெளுத்தவர் எங்காளு என்று ஒரு சுவரொட்டி பார்த்ததுண்டா? அந்த 400 பெண்களில் ஒருத்தியை, இவள் என் பாட்டியின் பாட்டி, இன்ன தெரு, இன்ன வீடு என்று சொல்ல ஒரு நாதி உண்டா? விலாசம் வெட்டிவைத்தும் தேடிப் போக ஆளில்லாத பெண்கள். ராஜாவுக்குப் பேரனாக எல்லோரும் போட்டி, அவர்களுக்கு ஒருத்தரும் இல்லை. பல்லக்கில் உட்கார்ந்தவனை மட்டும் பரம்பரையில் சேர்த்துக்கொண்டு, தூக்கினவனைத் துடைத்துப் போட்ட கூட்டம் நாம். இதற்குப் பெருமை என்று பேர்.

மாமாவிடம் இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன். மாப்பிள்ளை அல்லவா.

திருச்சி போகிற வழியில், செங்கிப்பட்டி தாண்டுவதற்குள், குடும்ப வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து விழுந்தன. விமானத்தின் உச்சியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குகிற மாதிரி மாமா. அதே மாதிரி அத்தை. அதே மாதிரி 11 பேர். கீழே மாமா அனுப்பிய செய்தி: நிழல் விழாத அதிசயக் கோபுரம், உண்மைத் தமிழன் என்றால் பகிரவும். பத்து நிமிஷத்தில் 26 பேர் கைகூப்பியிருந்தார்கள். பையன் பேரெழுதிய படத்துக்கு மட்டும் 40.

வடபுறத் திருச்சுற்று மதிலில் அந்தப் பெண்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு. திருவையாற்றிலிருந்து வந்தவள். பேர், நக்கன் சேரமங்கை. பங்கு ஒன்று.